டெவில் மே க்ரை 5: நான்காம் பாகம் பாதியில் விட்டதை முடித்துவைத்த கேம்

கப்கொம் நிறுவனத்தின் பேய் வேட்டை கேமான டெவில் மே க்ரை 4இன் சண்டையில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குறையெல்லாம் சண்டைக்கு வெளியேதான். 2008இல் வந்த அந்த கேமை இன்று எடுத்துப் போட்டாலும் அதன் இளம் நாயகன் நீரோவின் வாள்வீச்சு கைக்கு இதமாகவே இருக்கும். ஆனால் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் சுழலும் பம்பரம் ஒன்றை வாளால் அடித்து அடித்து நகர்த்த வேண்டும், காட்டுக்குள் வழி தவறித் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வர வேண்டும், பெரிய பகடையை வெட்டி உருட்டிக் கட்டம் கட்டமாகப் போக வேண்டும். 2019 மார்ச் 8இல் வெளிவந்த ஐந்தாம் பாகம் இந்த மினக்கேடுகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சிய சண்டையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்து வளர்த்தது. இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, ஹிதேஅகி இட்சுனோ. எந்த இடத்தில் ஆட்டம் படுத்தது என்று அவருக்கு வடிவாகத் தெரிந்திருக்கிறது.

4இல் மொத்தம் 20 மிஷன். முதல் 11 நீரோவுக்கு, 12 முதல் 18 வரை தொடரின் பழைய நாயகன் டான்டேக்கு, கடைசி இரண்டும் மறுபடி நீரோவுக்கு. டான்டேக்குக் கிடைத்த அந்த ஏழு மிஷன்களில் அவர் போவதெல்லாம் நீரோ வந்த அதே பாதையில், பின்பக்கமாக. அதே காடு, அதே கோட்டை, அதே பனி. வழியில் நிற்கும் பொஸ்களும், அதாவது பெரிய எதிரிகளும், அதே ஆட்கள். நெருப்புப் பேய் பெரியலை நீரோவாக ஒருமுறை, டான்டேயாக ஒருமுறை, கடைசியில் பகடைக் கட்டத்தில் இன்னொருமுறை என்று மூன்று தடவை அடிக்க வேண்டும். டான்டேயின் ஆயுதங்களோ ஒவ்வொரு பொஸ்ஸாக விழுத்திய பிறகே கைக்கு வரும். எல்லாம் கையில் சேர்ந்து, விரல் பழகும் நேரத்தில் அவருடைய பகுதி முடிந்துவிடும்.

இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு, ஆனால் அதைப் பற்றிப் பலர் கதைப்பதில்லை. 4இன் எதிரிகள் நீரோவின் கைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவர்கள். மெஃபிஸ்டோ என்ற கறுப்புப் போர்வைப் பேயை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றில் மிதக்கும், போர்வை இருக்கும் வரை உள்ளே இருக்கும் உடலில் அடி படாது. நீரோ தன் டெவில் பிரிங்கர் கையை நீட்டிப் போர்வையை இழுத்து உரித்துவிடுவார், அலுவல் முடிந்தது. டான்டேக்கு அந்தக் கை இல்லை. சுட்டுச் சுட்டு உரிக்க வேண்டும், அதற்குள் அது எட்டாத இடத்துக்குப் போய்விடும். ஒருவருக்குச் செய்த பூட்டை இன்னொருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்ன மாதிரி.

5இலும் டான்டே பிந்தித்தான் வருகிறார். அவரை நீங்கள் இயக்கத் தொடங்குவது 10ஆம் மிஷனில், அந்த வகையில் மாற்றம் அதிகமில்லை. ஆனால் இந்தத் தடவை அவருக்கென்று சொந்த இடங்களும் சொந்த பொஸ்களும் உண்டு. கவாலியரே ஆஞ்செலோ என்ற கவச வீரனோடு 11ஆம் மிஷனில் நடக்கும் வாள்சண்டை இந்த கேமின் மிகச் சிறந்த சண்டைகளில் ஒன்று, அது நீரோவின் மிச்சம் அல்ல. ஒரே பொஸ் திரும்பத் திரும்ப வருவது இங்கேயும் முற்றாக நின்றுவிடவில்லை. யூரிசன் என்ற பேயரசனை முன்னுரையிலிருந்து 17ஆம் மிஷனுக்குள் நான்கு தடவை சந்திக்கிறீர்கள். அதை நான் பெரிய பிழையாக எடுக்கவில்லை. ஆளும் ஆயுதமும் ஒவ்வொரு தடவையும் மாறுகின்றன, கதையும் அவனைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. முன்னுரையில் உங்களைச் சும்மா நசுக்குவதற்காகவே அவன் நிற்கிறான். கேமை ஒருமுறை முடித்து, கூட்டிய பலத்தோடு திரும்பிப் போய் அங்கேயே அவனை விழுத்தினால் கேம் அதோடு முடிந்து ஒரு தனி முடிவு வரும். குறும்புதான், ஆனால் மெனக்கெட்டு வைத்த குறும்பு.

இரண்டு கேமுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் நீரோவின் வலது கையில் இருக்கிறது. 4இல் அது டெவில் பிரிங்கர். தூரத்து எதிரியை இழுத்து எடுக்க ஸ்னாட்ச், கிட்ட நின்றவனைத் தூக்கி அடிக்க பஸ்டர். பஸ்டர் அடிக்கும்போது உங்களுக்கு அடி படாது, எதிரிக்குப் பெரும் சேதம், செலவோ ஒரு சதமும் இல்லை. அதனால் 4இல் நீரோவின் எந்தச் சிக்கலுக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: கிட்டப் போ, (பிளேஸ்டேஷன்) வட்டப் பட்டனை அழுத்து. பார்க்க அட்டகாசமாக இருக்கும், ஆனால் யோசிக்க ஒன்றும் இருக்காது. 5இன் கதை அந்தக் கையையே வெட்டி எடுத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக நீரோவின் கூட்டாளி நிக்கோ செய்து தரும் டெவில் பிரேக்கர் என்ற இயந்திரக் கைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்யும், ஒவ்வொன்றும் உடையும்.

உடையும் விதத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளாதவர்கள்தான் பிரேக்கரைத் திட்டுகிறார்கள். வட்டத்தை ஒருமுறை தட்டினால் சாதாரண வேலை, கை உடையாது. அழுத்திப் பிடித்து விட்டால் பெரிய வேலை, அதன் பிறகு கை போய்விடும். சாதாரண வேலையின் நடுவே எதிரியிடம் அடி வாங்கினாலும் போய்விடும். பலர் கைகளைக் கெதியாக இழப்பது இந்த மூன்றாவது வழியில்தான், அழுத்திப் பிடித்ததால் அல்ல. எதிரி கையை ஓங்கியிருக்கும்போது ஓவர்ச்சர் என்ற மின்சாரக் கையை நீட்டினால் அது உங்கள் பிழை. எதிரி வீசி முடித்த கணத்தில் நீட்டுங்கள், ஒரே கை பல சண்டைக்கு வரும். இதைத் தவிர பிரேக் அவே என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாட்டியிருக்கும் கையை வேண்டுமென்றே வெடிக்க வைப்பது. எதிரி உங்களைப் பிடித்து நசுக்கும்போது தப்ப அதுதான் வழி. ஒரு கையைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றலாம்.

இன்னொரு கட்டுப்பாடு, கைகளைச் சண்டையில் மாற்றி மாற்றித் தெரிவு செய்ய முடியாது. துப்பாக்கி மகசீன் போல வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், வரிசையில் முன்னால் இருப்பதுதான் கையில் வரும். மூன்றாவது வேண்டுமென்றால் முதல் இரண்டையும் தொலைக்க வேண்டும். வரிசையின் நீளத்தைக் கூட்டலாம், உச்சம் 8. இந்த விதியை வெறுப்பவர்கள் நிறைய. எனக்கு இது நல்ல விதி. நிக்கோவின் வான் வண்டிக்குள் நின்று என்ன வரிசையில் அடுக்குவது என்று யோசிக்கும் அந்த நேரமும் ஆட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. 4இல் அப்படி ஒரு யோசனைக்கே இடமில்லை.

புதிதாகத் தொடங்குபவர் முன்னால் கெர்பெராவை வைக்கலாம். அது காற்றில் எந்தப் பக்கமும் பாய உதவும், எறிகணைகளைத் திருப்பி அனுப்பும், தவறி அடித்தாலும் ஆபத்து இல்லை. அதன் பின்னால் ஓவர்ச்சர் இரண்டு, மின்சாரத் தாக்குதல், சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு. கவசமும் கேடயமும் கொண்டு வருபவர்களுக்கு ஹெல்டர் ஸ்கெல்டர், துளைத்துக்கொண்டு போகும். நேரத்தை மெதுவாக்கும் ராக்டைமை பொஸ்ஸுக்கு என்று கடைசியில் வைத்தால் அங்கே போய்ச் சேருவதற்குள் மற்றவற்றை உடைக்க வேண்டிவரும். பொஸ் மட்டுமே உள்ள மிஷன் என்றால் முன்னால் வையுங்கள். பழைய பஸ்டர் மேல் ஆசை தீராதவர்களுக்கு பஸ்டர் ஆர்ம் இருக்கிறது, அதே அடிதான், ஆனால் இப்போது அது உடையும் பொருள். டொம்போயை முதல் சுற்றில் விட்டுவிடுங்கள். வாளையும் துப்பாக்கியையும் வெறி பிடிக்க வைக்கும் அந்தக் கை, வாளைப் பழகியவருக்குத்தான் வேலை செய்யும்.

வாளைப் பற்றி. ரெட் குயீனின் கைப்பிடியில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு எக்சலரேட்டர் உண்டு, அதை முறுக்கும் பட்டன் எல்2. முறுக்க முறுக்க எக்சீட் என்ற மூன்று கட்டங்கள் நிரம்பும், நிரம்பிய கட்டம் ஒவ்வொன்றும் அடுத்த வெட்டை நெருப்போடு அனுப்பும். சும்மா நின்று முறுக்கினால் நேரம் பிடிக்கும். வெட்டு விழும் சரியான கணத்தில் எல்2ஐ ஒருமுறை தட்டினால் ஒரு கட்டம் உடனே நிரம்பும், அது எக்ஸ்-ஆக்ட். இன்னும் நுட்பமான, கண் இமைக்கும் அளவு சிறிய இடத்தில் தட்டினால் மூன்றும் நிரம்பும், அது மக்ஸ்-ஆக்ட். இது 4இலேயே இருந்தது, 5இலும் இருக்கிறது. இது கைவந்தவரின் நீரோவும் கைவராதவரின் நீரோவும் வேறு வேறு ஆட்கள்.

பலர் இதைக் கைவிடுவதற்குக் காரணம் இரண்டு. பதற்றத்தில் எல்2ஐ மூன்று நான்கு தடவை தட்டிவிடுகிறார்கள், எந்தத் தட்டு பிடித்தது என்று விரலுக்குத் தெரியாமல் போகிறது. ஒரு வெட்டு, ஒரு தட்டு, அதோடு நிற்பது என்று பழக வேண்டும். முக்கோணத்தை ஒரே ஒருமுறை அழுத்தி, அந்த வெட்டுக்கு மட்டும் எக்ஸ்-ஆக்ட் பிடியுங்கள். பத்துக்கு ஏழு பிடிபட்ட பிறகு முன்னால் பாயும் வெட்டான ஸ்ட்ரீக்குக்குப் போங்கள், ஆர்1 பிடித்தபடி முன்பக்கமும் முக்கோணமும். பிறகு ஹை ரோலர், ஆர்1 பிடித்தபடி பின்பக்கமும் முக்கோணமும், பட்டனை விடாமல் பிடித்தால் எதிரியோடு நீங்களும் மேலே போவீர்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் கணம் வேறு. ஒன்றில் பழகியது மற்றதில் அப்படியே வராது, அதனால் ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது காரணம் டீவி. படத்தை அழகுபடுத்தும் வேலையில் பல டீவிகள் சிறிது பிந்தியே காட்டும், படம் பார்க்க அது தெரியாது, எக்ஸ்-ஆக்டுக்குத் தெரியும். டீவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். சில டீவிகளில் எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை பிசி என்று மாற்றினாலும் அந்தத் தாமதம் குறையும். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பது வீண்.

இந்தப் பயிற்சிக்கென்றே 5 ஒரு இடம் தந்திருக்கிறது: த வோய்ட் (வெறுமை) என்ற வெள்ளை அறை. வாங்கிய வித்தைகளை அங்கே கொண்டுபோய் அடித்துப் பார்க்கலாம், உயிர் போகாது, நேரம் ஓடாது.

நீரோவின் புளூ ரோஸ் துப்பாக்கியிலும் ஒரு நல்ல திருத்தம். 4இல் பெரிய குண்டு வேண்டுமென்றால் சுடும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மற்றதெல்லாம் செய்ய வேண்டும், பெருவிரல் ஒன்று அதிலேயே மாட்டிக்கொள்ளும். 5இல் அழுத்திப் பிடித்தால் விசேட குண்டு துப்பாக்கிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், மூன்று வரை. ஏறிய பிறகு விரலை எடுத்துவிட்டு, வேண்டிய நேரம் சுடலாம். சிறிய மாற்றம் மாதிரித் தெரியும், ஆனால் கொம்போ என்ற தொடர் அடியின் நடுவில் விரல் விடுதலையாவது எவ்வளவு பெரிய விடயம் என்று விளையாடுபவருக்குத் தெரியும். அதற்கு மேலும் வசதி வேண்டுமென்றால் பட்டன் அமைப்பில் போய்ச் சுடுவதை ஆர்2க்கு மாற்றுங்கள். குண்டு ஏறும் நேரத்தில் பெருவிரல் முக்கோணத்திலும் எக்ஸிலும் சுதந்திரமாக இருக்கும்.

டான்டேக்கு வந்தால், 4இல் செய்த அடித்தளத்தை இட்சுனோ குழு தொடவே இல்லை, அது நல்லது. ட்ரிக்ஸ்டர் (தப்புதல்), ஸ்வோர்ட்மாஸ்டர் (வாள்), கன்ஸ்லிங்கர் (துப்பாக்கி), ரோயல்கார்ட் (தடுத்தல்) என்ற நான்கு ஸ்டைல்களும் திசைப் பட்டன்களில், சண்டை நடக்கும்போதே மாற்றலாம். கூட்டியது ஆயுதங்களை. 4இல் கைச்சண்டைக்கு மூன்று, சுடுவதற்கு மூன்று. 5இல் ஒரே நேரத்தில் நான்கும் நான்கும். பால்ரொக் என்ற கையுறை, குத்தும் முறைக்கும் உதைக்கும் முறைக்கும் மாறும், அடிக்க அடிக்கச் சூடேறும். கிங் செர்பரஸ் பனி, நெருப்பு, மின்னல் என்று மூன்று உருவம் எடுக்கும். கவாலியர் என்பது ஒரு முழு மோட்டார் சைக்கிளைப் பாதியாகப் பிளந்து இரு கையிலும் பிடிப்பது. கேட்கப் பைத்தியக்காரத்தனம், ஆனால் கனமான அந்த வீச்சுக்குள்ளும் தாளம் வைத்திருக்கிறார்கள். வீச்சின் நடுவில் மின்னும் கணத்தில் அடுத்த அடியைத் தட்டினால் அடி பலக்கும், முந்தினாலும் பிந்தினாலும் சாதாரண அடிதான்.

டொக்டர் ஃபவுஸ்ட் என்ற தொப்பிதான் இந்த கேமின் மகா விசித்திரம். கடையில் செலவழிக்கும் சிவப்பு ஓர்ப்களையே குண்டாகச் சுடும். தொப்பியை எதிரியின் தலையில் போட்டுவிட்டு அடித்தால் ஓர்ப் கொட்டும், உங்கள் தலையில் இருக்கும்போது நீங்கள் அடி வாங்கினால் உங்கள் ஓர்ப் கொட்டும். நன்றாக விளையாடுபவரைப் பணக்காரனாக்கும், மற்றவரை ஓட்டாண்டியாக்கும். முதல் சுற்றில் அதைத் தொடாமல் விடுவது உங்கள் சேமிப்புக்கு நல்லது.

எட்டு ஆயுதமும் மாட்டிக்கொண்டு போனால் எல்2ஐயும் ஆர்2ஐயும் தட்டித் தட்டியே குழம்பிப்போவீர்கள். வேண்டிய ஆயுதம் ஒரு தட்டுத் தள்ளிப் போயிருக்கும், அதற்குள் எதிரி கீழே விழுந்திருப்பான். எல்லாவற்றையும் மாட்ட வேண்டுமென்று கட்டாயமில்லை. நிக்கோவின் வான் வண்டியில் போய் வாள் ஒன்றும் பால்ரொக்கும், இரட்டைத் துப்பாக்கியும் கொயோட்டே-ஏ என்ற ஷொட்கன்னும் மட்டும் வைத்துக்கொண்டால் எல்2 இரண்டுக்குள்தான் மாறும். அது இரத்தத்தில் ஊறிய பிறகு மூன்றாவதைச் சேருங்கள். ஸ்டைலும் அப்படியே. ட்ரிக்ஸ்டரும் ஸ்வோர்ட்மாஸ்டரும் போதும், ரோயல்கார்டை இரண்டாம் சுற்றுக்கு விடலாம்.

மூன்றாவது ஆள் வி. இவரைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறார்கள். வி தானாக அடிப்பதில்லை. சதுரத்துக்கு க்ரிஃபன் என்ற பறவை, முக்கோணத்துக்கு ஷாடோ என்ற சிறுத்தை, சக்தி அளவுக்கோடு நிறைந்தால் நைட்மேர் என்ற மலை மாதிரி ஒன்று. இவை எதிரியை அரைச் சாவாக்கும், உயிரை எடுக்க முடியாது. எதிரி வெளிறிப்போனதும் வி கைத்தடியோடு பாய்ந்து முடிக்க வேண்டும், வட்டம். யோசனை புதுசு, தொடரில் இப்படி ஒன்று இருந்ததில்லை. பிரச்சினை என்னவென்றால், தொடக்க மட்டங்களில் இரண்டு பட்டனையும் கண் மூடி அடித்துக்கொண்டு தூர நின்றாலே சண்டையின் அழகுக்கு கேம் தரும் மார்க் ஏறிவிடுகிறது. நீரோவிலும் டான்டேயிலும் உழைத்து எடுத்த எஸ் என்ற உயர்ந்த மார்க் இங்கே சும்மா கிடைக்கிறது. மட்டம் கூடியதும் கதை மாறும். பறவையும் சிறுத்தையும் அடி வாங்கி மயங்கி விழும், அவை எழும்பும் வரை நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள், பக்கத்தில் போய் நின்றால் கெதியாக எழும்பும். அப்போது எங்கே நிற்பது, எதை எப்போது திருப்பி அழைப்பது என்று உண்மையான யோசனை தொடங்கும். ஆனால் அந்த இடம் வரை போகாமல் விட்டுவிடுபவர்களுக்கு வி ஒரு இடைவேளை மட்டும்தான். 5இல் 4ஐவிடக் குறைந்த ஒரு விளையாட்டு ஆள் என்றால் அது இவர்தான் என்பேன், பிடிவாதமாக இல்லை.

எதிரிகளைப் பற்றி 4இன் பிளிட்ஸை அறிந்தவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. உடம்பு முழுக்க மின்சாரம், அது இருக்கும் வரை வாள் எடுபடாது, சுட்டுச் சுட்டு மின்சாரத்தை அணைத்தால் கொஞ்ச நேரம் வெட்டலாம், பிறகு மறுபடி ஏற்றிக்கொள்ளும். வாள் கேமில் வாளை உறையில் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லும் எதிரி. 5இல் அந்த இடத்தை நிரப்புவது ஃபியூரி. அதுவும் கண்ணுக்கு எட்டாத வேகம், துரத்தி வெட்ட முடியாது. ஆனால் அது பாய்ந்து வந்து வெட்டும் அதே கணத்தில் நீங்களும் வாளை வீசினால் இரண்டு ஆயுதமும் மோதித் தெறிக்கும், சேர்ந்தாற்போல் சிலதைத் தடுத்தால் அது தடுமாறி நிற்கும், பிறகு உங்கள் விருப்பம். இரண்டும் வில்லங்கம் பிடித்தவைதான், ஆனால் பிளிட்ஸ் உங்களைத் தள்ளி நிறுத்துகிறது, ஃபியூரி உங்களைக் கிட்ட வரச் சொல்கிறது.

கடை விடயத்தில் மட்டும் 5 பின்னால் போய்விட்டது. 4இல் வித்தைகளை வாங்க ப்ரவுட் சோல்ஸ் என்று தனிக் காசு, பொருட்களுக்கு சிவப்பு ஓர்ப். வாங்கிய வித்தை பிடிக்கவில்லையென்றால் முழு விலைக்கும் திருப்பிக் கொடுத்து வேறொன்றை எடுக்கலாம். பரீட்சித்துப் பார்க்க அதைவிட வசதி வேறு கிடையாது. 5இல் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு ஓர்ப், திருப்பிக் கொடுக்கும் வழி இல்லை, அதோடு அந்த ஓர்ப்பை நிஜக் காசுக்கும் விற்கிறார்கள். காசு கொடுக்காமல் முழுக் கதையையும் சுகமாக முடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் எதிரியைக் கேலி செய்யும் எக்ஸ் ப்ரவோகேஷன் என்ற ஒரு சேஷ்டைக்கு 30 இலட்சம் ஓர்ப் விலை போட்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் எரிச்சல் வரும். திருப்பிக் கொடுக்க முடியாததால் வாங்கும் வரிசையைக் கவனியுங்கள். காற்றில் இரண்டாம் முறை குதிக்கும் ஏர் ஹைக், எதிரியின் தலையை மிதித்து எழும்பும் எனிமி ஸ்டெப், இந்த இரண்டும் எல்லாவற்றுக்கும் முதல். காற்றில் அடித்துக்கொண்டிருக்கும்போது எதிரியை மிதித்தால் அந்த அடி அறுந்து அடுத்த அடி புதிதாகத் தொடங்கும், அந்தரத்தில் நின்று அடிக்கும் காணொளிகளில் நீங்கள் பார்ப்பதெல்லாம் இதன் கூட்டல்தான்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் மினக்கெட வேண்டியதில்லை. 4 கப்கொமின் எம்டி ஃப்ரேம்வேர்க்கில் ஓடியது, 5 ஆர்ஈ எஞ்சினில் ஓடுகிறது, முகங்களும் தோல் உடுப்பும் மழையில் நனைந்த நகரமும் கண்ணை எடுக்க விடாது. ஆனால் ரெட் கிரேவ் நகரத்தை விட்டு கிளிஃபொத் என்ற பேய் மரத்துக்குள் இறங்கிய பிறகு பாதிக்கு மேல் ஒரே சிவப்புக் கறுப்பு வேர்கள், ஒரே சுரங்கம். எந்த மிஷன் எது என்று நினைவில் நிற்காது. இடங்களின் பலவகையில் 4 இன்றைக்கும் ஒரு படி மேல்: துறைமுக ஊர், பனிக்கோட்டை, காடு, ஆய்வுகூடம் என்று ஒவ்வொன்றும் தனி. இசை அப்படியல்ல, அது 5இல் சண்டையோடு சேர்ந்து ஏறும். மார்க் டீயில் இருக்கும் வரை பாட்டு அடங்கியே ஓடும், எஸ்ஸைத் தொட்டதும் பல்லவி வெடிக்கும். அடி வாங்கி மார்க் இறங்கினால் பாட்டும் இறங்கிவிடும், அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும்.

முடித்த பிறகு செய்ய என்ன இருக்கிறது என்றால், 101 மாடி கொண்ட பிளடி பேலஸ் 4இல் இருந்தது, 5க்கு 2019 ஏப்ரல் 1இல் இலவசமாக வந்து சேர்ந்தது. சன் ஒஃப் ஸ்பார்டா, டான்டே மஸ்ட் டை என்று மட்டங்கள் ஏறிக்கொண்டே போகும். 12 இரகசிய மிஷன்களும் உண்டு, உடைந்து சிதறிய கோலம் ஒன்று சரியான இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றாகப் பொருந்தும், அதுதான் வாசல். இந்த மாதிரி கேமே கையால் தொடாதவர்களுக்கு ஓட்டோ அசிஸ்ட் இருக்கிறது, ஒரே பட்டனைத் தட்டினாலும் கொம்போ தானாக ஓடும். கதை விளங்க 4ஐ முதலில் முடிக்க வேண்டுமென்றில்லை, முன்கதையைச் சொல்லும் காணொளி முதல் மெனுவிலேயே இருக்கிறது.

இனி வாங்குவது. கொழும்பில் பலரிடம் இருப்பது பிஎஸ்4 டிஸ்க், பாவித்ததென்றால் விலை இன்னும் இறங்கும். அதில் வேர்ஜில் இல்லை. டான்டேயின் அண்ணனான அவராக விளையாட 2020 டிசம்பர் 15இல் வந்த டிஎல்சி என்ற கூடுதல் பகுதியைத் தனியாக எடுக்க வேண்டும், வெளியானபோது 4.99 டொலர். இங்கேதான் சிக்கல் வரும். பிளேஸ்டேஷன் கடைக்கு இலங்கை என்று தனிப் பகுதி கிடையாது, எல்லோரும் வேறொரு நாட்டின் கணக்கில்தான் இருக்கிறோம். டிஸ்க் எந்தப் பகுதியோ டிஎல்சியும் அதே பகுதிக் கணக்கில் வாங்கியதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கை வைத்துக்கொண்டு ஆசியப் பகுதி டிஸ்க்கை வாங்கினால் கேம் ஓடும், அமெரிக்கக் கடையில் எடுத்த வேர்ஜில் அதில் ஏறாது. வாங்குமுன் பெட்டியின் முதுகில் பகுதி எண்ணைப் பாருங்கள்: 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. டீலக்ஸ் பதிப்பு பாவித்ததாக இருந்தால் உள்ளே இருக்கும் கோட் ஏற்கெனவே எடுபட்டிருக்கும் என்று நினைத்தே விலை பேசுங்கள்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பிஎஸ்4 டிஸ்க் அதில் ஓடும், ஆனால் பிஎஸ்4 கேமாகவே ஓடும். 2020 நவம்பரில் வந்த ஸ்பெஷல் எடிஷன் தனிக் கேம், பழையதை வைத்து அதற்கு மாற வழி கொடுக்கவில்லை. வேர்ஜில், வேகத்தைக் கூட்டும் டர்போ மோட், எதிரிகள் கூட்டம் கூட்டமாக வரும் லெஜன்டரி டார்க் நைட் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பிஎஸ்5 இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

கம்ப்யூட்டரில் விளையாடுபவர்களுக்குக் கிடைத்தது வேர்ஜில் மட்டும், டர்போவும் டார்க் நைட்டும் அதிகாரபூர்வமாக வரவில்லை. 4 இதில் தாராளமாக இருந்தது, 2008இன் கம்ப்யூட்டர் பதிப்பிலேயே இரண்டும் இருந்தன. ஸ்டீம் என்ற இணையக் கடையில் இங்கே விலை டொலரில்தான் காட்டும், வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தள்ளுபடிக் காலம் வரை பொறுத்தால் விலை நன்றாக விழும், 4இன் ஸ்பெஷல் எடிஷன் இன்னும் மலிவு. தரவிறக்கத்துக்கும் நிறுவுவதற்கும் 35 ஜிபி ஒதுக்குங்கள், இரவு டேட்டா இருந்தால் அதில் போடுவது புத்தி. கப்கொம் கேட்கும் குறைந்த அளவு ஐ5-4460, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 760 கிராஃபிக்ஸ் கார்ட். பரிந்துரைப்பது ஐ7-3770, ஜிடிஎக்ஸ் 1060இன் 6 ஜிபி கார்ட். கொழும்பு யூனிட்டி பிளாசா கணினிக் கடைகள் பக்கம் பாவித்த 1060 தேடிப் போனால் 3 ஜிபி கார்டும் அதே பெயரில்தான் இருக்கும், பெட்டியை நம்பாமல் மெஷினில் போட்டு நினைவக அளவைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

போட்ட பிறகு சண்டையின் நடுவில் படம் திக்கித் திக்கி நின்றால் கார்டை மாற்ற ஓடாதீர்கள். கேம் விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பான டைரக்ட்எக்ஸ் 12இல் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய கார்டுகளில் 11 பல நேரம் சீராக ஓடும். கேமை மூடிவிட்டு அது நிறுவப்பட்ட கோப்புறைக்குள் போங்கள், டிஎம்சி5கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு ஐஎன்ஐ கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் டைரக்ட்எக்ஸ்12 என்ற சொல் இரண்டு வரிகளில் இருக்கும், கேபபிலிட்டி என்ற வரியிலும் டார்கெட் பிளாட்ஃபோர்ம் என்ற வரியிலும். இரண்டிலும் 12ஐ 11 ஆக மாற்றிச் சேமியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம்.